சேர்வராயன் மலைப்பாதைகளைச் செப்பனிடக் கைக்கருவிகள்: எதை வாங்குவது, எங்கே தேடுவது?

சேலத்திலிருந்து விடுமுறை நாட்களில் மலையேறும் பத்துப் பேர் சேர்ந்து, சேர்வராயன் மலைச் சரிவில் இரண்டு ஊர்களை இணைக்கும் ஒரு பழைய ஒற்றையடிப் பாதையை ஆண்டுதோறும் செப்பனிட முன்வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டுக் கையேடுகள் வலியுறுத்தும் புலாஸ்கி, மெக்லியட் போன்ற கருவிகளை வரவழைக்க வேண்டுமா, சேலத்துக் கடைகளில் கிடைப்பவையே போதுமா என்பது உங்கள் கேள்வி. ஏற்காட்டுப் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டத்தின் பாதைகளையும் வடிகால்களையும் பதினெட்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கே கிடைப்பவையே போதும், ஆனால் கடையில் தொங்குகிறபடியே போதாது. எஃகைப் பார்த்து வாங்கி, காம்பைச் செருகும் துளையான கண்ணின் கோணத்தைத் திருத்தி, நல்ல காம்பை வேலைக்கேற்ற நீளத்தில் போட்டுக்கொண்டால், அந்த வெளிநாட்டுக் கருவிகள் செய்யும் வேலையில் பெரும்பகுதியை நம் மண்வெட்டியே செய்துவிடும்.

கருவிக்கு முன்னால் அனுமதியைப் பற்றி ஒரு சொல். சேர்வராயன் மலையில் காப்புக்காடும், பட்டா நிலத்துக் காப்பித் தோட்டங்களும், மலையாளிப் பழங்குடியினரின் ஊர்நிலங்களும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஒரே பாதை ஒரு மணி நேர நடைக்குள் மூன்றையும் கடந்துவிடும். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி, காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் செடி கொடிகளை வெட்டுவதும் குற்றமாகும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே தனி விதிகளும் வந்துவிட்டன. தோட்டக்காரர்களின் இசைவோடு, வனத்துறையின் எழுத்து வடிவிலான அனுமதியும் பையில் இருக்கட்டும். கொடுவாளைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

இனி வேலைக்கு வருவோம். மலைப்பாதையைக் கெடுப்பது காலடியைவிட நீரே. இந்த மலைக்குத் தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை உண்டு. சித்திரை வைகாசியில் இடியுடன் கொட்டும் கோடை மழை வேறு. நடப்பவர்களின் கால் பட்டுப் பாதையின் நடுப்பகுதி குழிகிறது. ஒதுங்கிய மண் பள்ளப் பக்கத்து விளிம்பில் சிறு வரப்பாகப் படிந்துவிடுகிறது. அதன் பிறகு பெய்யும் ஒவ்வொரு மழையும் அந்தக் குழியையே வாய்க்காலாக எடுத்துக்கொண்டு ஓடி, இரண்டே ஆண்டுகளில் முழங்கால் ஆழத்துக்கு அறுத்துவிடும். விளிம்பு வரப்பை வெட்டி அகற்றி, பாதையின் தளத்தை ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர் அளவில் பள்ளப் பக்கமாகச் சாய்த்து, நீர் ஓடாமல் குறுக்காக வழிந்து இறங்கும்படி செய்வதே பாதைப் பராமரிப்பின் உயிர். புதிதாகத் தொடங்கும் குழுக்கள் கையிலுள்ள பணத்தைக் கத்தி, கோடாலி, ரம்பம் ஆகியவற்றில் செலவிட்டுவிட்டு, பாதையோரப் புதரை வெட்டித் தள்ளிய நிறைவோடு திரும்பிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்த மழையில் பாதை போய்விடும், புதர் திரும்ப வந்துவிடும். ஆகவே மண்ணைச் செதுக்கி இழுத்து வாருகிற கருவிகளுக்குத்தான் உங்கள் பணத்தின் பெரும்பகுதி போக வேண்டும்.

அவற்றில் முதலிடம் மண்வெட்டிக்கு. தலையை மட்டும், காம்பில்லாமல் வாங்குங்கள். கண்ணும் தகடும் ஒரே துண்டாக அடித்து எடுக்கப்பட்ட தலையா, தகட்டில் வளையத்தைப் பற்றவைத்ததா என்பதை முதலில் பாருங்கள்; பற்றவைத்த தலை வயலுக்குப் போதுமானதாக இருக்கலாம், ஆனால் கல்லும் வேரும் கலந்த மலை மண்ணில் அந்த இணைப்பே முதலில் விடும். அடுத்து, தலையை ஒரு விரலில் தொங்கவிட்டு, ஒரு பெரிய ஆணியால் தட்டிப் பாருங்கள்: நல்ல எஃகு மணிபோல் ஒலித்து அடங்கும், விரிசல் உள்ளது சட்டென்று செத்த ஒலி தரும். மூன்றாவதாக, கடைக்காரரின் அனுமதியோடு பட்டை அரத்தின் மூலையால் வெட்டுவாயில் ஒரு முறை தேய்த்துப் பாருங்கள். ஈயத்தில் இறங்குவதுபோல் ஆழ இறங்கினால் அது பச்சிரும்பு, ஒரே நாளில் மழுங்கும். கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கினால் அளவுக்கு மீறிய கடினம், கல்லில் பட்டால் பல் விழும். அரம் பிடித்துப் பிடித்து நகர்ந்தால் அதுவே நமக்கு வேண்டிய பதம். டாட்டா அக்ரிகோ போன்ற நிறுவனங்களின் தலைகள் சேலத்தின் இரும்புக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. செவ்வாய்ப்பேட்டை போன்ற பழைய வணிகத் தெருக்களில் நாலு கடை ஏறி இறங்கினால் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம். பழைய இரும்புக் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். தோட்டங்களிலிருந்து கழிக்கப்பட்ட, பாதி தேய்ந்த, ஆனால் எஃகு தரமான தலைகள் அங்கே எடைக்கு எடை விலைக்குக் கிடைக்கும். துருவைத் தேய்த்துவிட்டு, கண்ணைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று மட்டும் கவனமாகப் பாருங்கள்.

சேலம் என்றாலே உருக்காலையின் துருப்பிடிக்காத எஃகு நினைவுக்கு வருவதால், மழையில் நனையும் கருவிக்கு அதுவே ஏற்றது என்று உங்களில் ஒருவர் கருதியிருக்கிறார். பாத்திரத்துக்கு ஆகும் அந்த எஃகு வகை, சூடேற்றித் தோய்த்துக் கடினமாக்கும் முறைக்கு வசப்படாது. கல்லில் பட்டால் வாய் மடங்கிவிடும். மண்வெட்டியும் பிக்காசும் கரிமச்சத்துள்ள சாதாரண எஃகாகவே இருக்கட்டும். துருவுக்கு எண்ணெய்த் துணி போதும்.

காம்பின் நீளத்தில்தான் நம் மண்வெட்டிக்கும் மலைப்பாதை வேலைக்கும் பொருத்தம் குறைகிறது. வயலில் குனிந்து வெட்டுவதற்காக, இரண்டரை அடி முதல் மூன்றடி வரையுள்ள காம்புக்கேற்ப, தகட்டுக்கும் காம்புக்கும் இடையிலான கோணம் குறுகலாக வைக்கப்பட்டிருக்கிறது. பாதைத்தளத்தை நாள் முழுவதும் செதுக்குபவர் அந்த அளவுக்குக் குனிந்தே நின்றால் மதியத்துக்குள் இடுப்பு விட்டுப்போகும். சரிவில் குனிந்து நிற்பது ஆபத்தும்கூட. நான்கரை அடிக் காம்பைப் போட்டு நிமிர்ந்து நின்று வேலை செய்ய வேண்டும். ஆனால் காம்பை மட்டும் நீட்டினால் வேறொரு சிக்கல் வரும்: நிமிர்ந்து நிற்கும்போது காம்பு செங்குத்தை நோக்கி எழுவதால், குறுகிய கோணத்துத் தகடு மண்ணுக்குள் இறங்காமல் மேலே படுத்தபடி வழுக்கும். தளத்தைச் சமன்செய்து இழுப்பதற்கு அந்த வழுக்கல் நல்லதே. விளிம்பு வரப்பை வெட்டி எடுப்பதற்கு ஆகாது. ஆகவே மூன்று மண்வெட்டி வாங்கினால் ஒன்றை அப்படியே விட்டு, இரண்டைக் கொல்லரிடம் கொடுத்துக் கழுத்தைக் காய்ச்சி, கோணத்தை ஏறக்குறைய மூலைமட்ட அளவுக்கு, அதாவது செங்கோணத்துக்கு, திறந்துகொள்ளுங்கள். இந்த ஒரு திருத்தத்துக்காகச் செலவிடும் சிறு கூலியைவிடப் பயனுள்ள செலவு உங்கள் பட்டியலில் வேறொன்றும் இல்லை.

புலாஸ்கி, மெக்லியட் இரண்டுமே அமெரிக்க வனத்துறையில் தீயணைப்புக்காகப் பிறந்தவை. ஒரு பக்கம் கோடாலியும் மறுபக்கம் குறுகிய மண்வெட்டி வாயும் கொண்ட புலாஸ்கி, 1910ஆம் ஆண்டின் பெருந்தீயில் தம் ஆட்களை ஒரு சுரங்கத்துக்குள் ஓட்டிக் காப்பாற்றிய எட் புலாஸ்கி என்ற வனக்காவலரின் பெயரைத் தாங்கியது. ஒரு பக்கம் தடித்த வாரிப் பற்களும் மறுபக்கம் அகன்ற செதுக்கு வாயும் கொண்ட மெக்லியட், 1905இல் கலிபோர்னியாவின் சியரா காட்டில் பணியாற்றிய மால்கம் மெக்லியட் உருவாக்கியது. இவற்றுள் புலாஸ்கி இங்கே தேவையில்லை என்பது என் முடிவு. நம் மலையில் சிவப்பு மண்ணுக்கும் செம்புறை மண்ணுக்கும் அடியில் சார்னோக்கைட் என்னும் கடும்பாறையும் உடைகல்லும் எங்கும் உண்டு. மண்ணில் இறங்கும் கருவியின் மறுமுனையில் கூரிய கோடாலி வாய் இருந்தால் ஒரே வாரத்தில் அது கல்பட்டு மழுங்கும், ஓங்கும்போது கூரிய அந்த வாய் நம் பக்கம் இருப்பதும் புதியவர்களுக்கு நல்லதல்ல. பிக்காசின் அகலவாய் அந்த வேலையைச் செய்துவிடும்.

மெக்லியட்டின் கதை வேறு. சருகை வாரவும், கற்களைப் பிரிக்கவும், இழுத்த மண்ணைத் தட்டி இறுக்கவும் அதற்கு நிகரான ஒற்றைக் கருவி நம்மிடம் இல்லை. அதை வரவழைக்க வேண்டாம், செய்துகொள்ளலாம். சேலத்தின் புறத்தே ஒரு கொல்லுப்பட்டறையில் நான் செய்வித்த முறையைச் சொல்கிறேன். டிராக்டர் தட்டுக்கலப்பையின் தேய்ந்த தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டோம். மண்ணில் சுழன்று தேய்வதற்கென்றே செய்த எஃகு அது, அமெரிக்காவில் ரோக் என்ற பெயரில் விற்கும் மண்வெட்டிகளும் அத்தகைய பழைய தட்டுகளிலிருந்தே வெட்டப்படுகின்றன. ஓர் அடி அகலத்துக்குத் தட்டைக் கொல்லர் கைச்சாணையால் அறுத்தார். வாயுச்சுடரால் அறுத்தால் விளிம்பின் பதம் போய்விடும் என்று அவரே மறுத்துவிட்டார். ஒரு பக்கம் ஆறு பற்கள், விரற்கடை இடைவெளியில். செதுக்கு வாயை உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, விளிம்பை மட்டும் நீரில் தோய்த்து எடுத்தார். உடனே ஒரு உடைந்த செங்கல்லால் விளிம்பைத் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். உட்பகுதியின் சூடு விளிம்பை நோக்கி மெல்ல நகர, வெள்ளை இரும்பின் மேல் வைக்கோல் நிறம் ஒரு கோடாக ஊர்ந்து வந்தது. அது பழுப்பாக மாறத் தொடங்கிய நொடியில் முழுத் தலையையும் நீருக்குள் அமிழ்த்தினார். இன்னும் சற்று விட்டு நீலம் ஏறியிருந்தால் வாய் மெத்தெனப் போயிருக்கும். முன்னதாகவே அமிழ்த்தியிருந்தால் கல்லில் உடைந்திருக்கும். கஞ்சமலைக் கல்லை உருக்கி இரும்பெடுத்த ஊரில் நிறம் பார்த்துப் பதம் அறியும் இந்தக் கண் இன்னும் சில பட்டறைகளில் உயிரோடிருக்கிறது; அதைத் தேடிப்போய் வேலை கொடுங்கள்.

கொடுவாளையும் அவரிடமே செய்துகொள்ளலாம். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரித் தொழில் பெருகியிருப்பதால் லாரியின் அடியில் பாரம் தாங்கிக் கழித்த வில்பட்டைகளுக்குப் பஞ்சமில்லை. லாரிப் பட்டையின் வில் எஃகு வெட்டுக்கருவிக்கு மிக ஏற்றது. பல ஆண்டுகள் வளைந்து நிமிர்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும் என்பதால், அடிப்பதற்கு முன் சாணை பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொடுவாளின் வளைந்த மூக்கு, தரையோடு வெட்டும்போது வாயைக் கல்லிலிருந்து காக்கும். அதனால் நேர்க்கத்தியைவிட அதுவே மலைக்கு உகந்தது. ஆனாலும் பாதையோரத்தில் அதைக் குறைவாகவே பயன்படுத்த வேண்டும் என்பேன். வீசி வெட்டிய குச்சி சாய்வாக அறுந்து ஈட்டி முனையாக நிற்கும். சரிவில் கால் தவறி அதன்மேல் விழுபவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். கட்டைவிரல் பருமன் வரை, காப்பித் தோட்டங்களில் பயன்படும் நீண்ட பிடியுள்ள கவாத்துக் கத்தரியும், அதற்கு மேல் கவாத்து ரம்பமுமே ஏற்றவை. கிளையை அடிமரத்தின் கழுத்தை ஒட்டி, கட்டை நீட்டி நிற்காமல் அறுக்க அவற்றால்தான் முடியும். தச்சரின் ரம்பத்தைக் கொண்டுபோகாதீர்கள். காய்ந்த பலகைக்கான நெருங்கிய பற்கள் பச்சை மரத்தின் ஈரத் தூளில் அடைத்துக்கொண்டு நின்றுவிடும். பற்கள் பெரிதாக, இருபுறமும் நன்றாக விரிந்திருக்கும், இழுக்கும்போது வெட்டுகிற ரம்பமே வேண்டும். காற்றில் சாய்ந்து பாதையை அடைத்துக் கிடக்கும் சில்வர் ஓக் மரத்துக்கு மூன்றடி வில் ரம்பமும், வெட்டுவாய் மூடிப் பிடித்துக்கொள்ளாமலிருக்க இரண்டு மர ஆப்புகளும் போதும்.

உண்ணிச்செடிக்கு இவை எதுவும் உதவாது. மேலே வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்ப்பது அதன் இயல்பு. துளிர்க்கும் மொட்டுகள் வேரும் தண்டும் சேரும் கழுத்தில் இருக்கின்றன. மண்மட்டத்துக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே ஆணிவேரை அறுத்து, செடியைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் அது மீண்டும் வேர்பிடிப்பதில்லை. இதற்குப் பிக்காசின் அகலவாயே சரியான கருவி. அந்த வாயை மட்டும் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள். புதரடியில் பாம்பு இருக்கக்கூடும் என்பதால், முதலில் நீண்ட காம்புள்ள வாரியால் சருகை ஒதுக்கிப் பார்த்துவிட்டே கையை விட வேண்டும்.

கல்வேலைக்குக் கடப்பாரை. ஓர் அங்குல உருண்டைக் கம்பியில் ஐந்தடிக் கடப்பாரை ஏறத்தாழ 6 கிலோ இருக்கும், ஒன்றேகால் அங்குலத்தில் அது ஒன்பதரைக் கிலோவாகிவிடும். முன்னது ஒன்று இருந்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும், பின்னதை ஏற்காடு வரை பேருந்தில் கொண்டுபோகலாம், அதன்பின் தோளில் சுமப்பவருக்குத்தான் தெரியும். மழைநீரைத் திருப்பும் கல்வரிசையில் ஒவ்வொரு கல்லும் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். கல்லைப் புரட்டுவதற்குக் கடப்பாரையும் அடைகல்லும், இடம் மாற்றுவதற்குச் சாக்கும் காவுதடியும் போதும். சம்மட்டி ஒன்று இருக்கட்டும். அதன் தலையோ உளியின் தலையோ அடிபட்டுக் குடைபோல் விரிந்திருந்தால் அந்த விளிம்பைச் சாணையில் தேய்த்து நீக்கிய பிறகே பயன்படுத்துங்கள், சிதறும் துணுக்கு கண்ணைப் பறித்துவிடும். கல் உடைக்கும்போது கண்ணாடி அணியாதவரை அருகில் நிற்கவிடாதீர்கள்.

காம்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு கடையில் மொத்தமாக வாங்கிய பிக்காசுக் காம்புகளில் ஒன்று, ஓங்கிய அடியில் குறுக்குச் சாய்வாக முறிந்தது. தலையும் ஒரு முழத் துண்டும் பறந்துபோய், பக்கத்தில் நின்றவரின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. முறிவைப் பார்த்தபோது காரணம் தெளிவாகத் தெரிந்தது: மரத்தின் ரேகை காம்பின் நீளத்தோடு ஓடாமல், நடுவிலேயே பக்கவாட்டில் வெளியேறியிருந்தது. வார்னிஷ் பூசி வழவழப்பாக விற்கப்பட்டதால் ஒருவரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து பூச்சில்லாத காம்பையே வாங்குகிறேன். ரேகை இரு முனைக்கும் நேராக ஓடுகிறதா, கணு இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டே எடுக்கிறேன். கருவேலம் நமக்கு எளிதில் கிடைக்கும் நல்ல காம்பு மரம். மரவாடிகளில் சடச்சி கிடைத்தால் அதைவிடச் சிறப்பு, வளைந்து கொடுத்து உதறலைத் தாங்கும். பிக்காசுக்குத் தலைப்பக்கம் பருத்த காம்பை மேலிருந்து செருகும் வகையே பாதுகாப்பானது, வீசும் வேகமே தலையை மேலும் இறுக்கும். தலை ஆடினால் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஊறிப் பெருத்த நார் கண்ணுக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும் என்பதால் அதை விட்டுவிட்டுப் புது ஆப்பு அடியுங்கள். ஆண்டுக்கு இருமுறை ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். அது உலர்ந்து மரத்தோடு ஒன்றிவிடும், விளக்கெண்ணெய் உலராமல் பிசுபிசுத்துக் கையை வழுக்கும்.

கூர் வைப்பதற்கு மின்சாணையைவிடப் பட்டை அரமே மேல். சாணையில் ஒரு நொடி கூடுதலாக அழுத்தினாலும் வாயில் நீலம் பாய்ந்து, கொல்லர் வைத்த பதம் அங்கேயே போய்விடும். அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்பும்போது தூக்கிவிடுங்கள். மண்வெட்டிக்கு ஒரு பக்கம் மட்டும், தடித்த சாய்வாக இருந்தால் போதும்.

உங்கள் பத்துப் பேருக்கு மண்வெட்டி மூன்று, பிக்காசு இரண்டு, மெக்லியட் ஒன்று, கடப்பாரை ஒன்று, கவாத்துக் கத்தரி இரண்டு, ரம்பமும் கொடுவாளும் ஒவ்வொன்று, பாண்டுச் சட்டி நான்கு என்று தொடங்குங்கள். சட்டிகள் எப்போதுமே குறைவாகத்தான் இருக்கும். வாய்களுக்குப் பழைய சைக்கிள் டயரைப் பிளந்து உறையாகக் கட்டி, சாக்கில் சுற்றிப் பேருந்தில் ஏற்றுங்கள். பாதையில் கருவியைத் தோளில் வைக்காமல், எடை சமநிற்கும் இடத்தில் பிடித்து, பள்ளப் பக்கத்துக் கையில் தொங்கவிட்டு நடங்கள். விழ நேர்ந்தால் அந்தப் பக்கம் எறிந்துவிடலாம். ஒருவருக்கொருவர் மூன்று மீட்டர் இடைவெளி இருக்கட்டும். காம்புகளின் நுனியில் ஒரு சாண் அளவுக்குச் சிவப்பு வண்ணம் பூசினால் சருகுக்குள் கிடந்தாலும் மாலையில் எண்ணிச் சேர்த்துவிடலாம். ஒரு மண்வெட்டிக் காம்பில் அடிமுனையிலிருந்து 5 சென்டிமீட்டரிலும் ஒரு மீட்டரிலும் கத்தியால் கீறிவையுங்கள். பாதையின் குறுக்கே ஒரு நூலை மட்டமாகப் பிடித்து, தளத்தின் சாய்வு சரியாக இறங்கியிருக்கிறதா என்று அந்தக் கீறல்களைக் கொண்டே அளந்து பார்த்துவிடலாம்.